தொப்பி போட்ட தாய்மாமன்

24-8-86, ஞாயிறு

மச்சான் திம்மராயன் என்னைப் பெங்களூருக்கு இங்கிலீஷ் படம் பார்க்கக் கூட்டிப்போனான். என் மனைவி சாந்தம்மாவின் ஒரே தம்பி. ஓசூர் சிப்காட்டில் பழைய இரும்பு எடுக்கிறான். அவனைக் கேட்காமல் எந்தக் கம்பெனி கேட்டிலிருந்தும் ஒரு ஆணி வெளியே போகாது.

நாலாவது வரை படித்த எனக்கு என்ன புரியும்? கோட்டு போட்ட பெரியவர் மெதுவாகப் பேசுகிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். பிறகு யாரையாவது சுடுகிறார்கள்.

“பாத்தியா மாமா, இது கொள்ளக் கூட்டம் இல்ல. குடும்பம். ஒருத்தனுக்கு ஒண்ணுன்னா அத்தன பேரும் நிப்பாங்க.”

“குடும்பம் குடும்பம்னு சொல்றானுங்க, ஒருத்தனும் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து சோறு திங்கலியே மச்சான்?”

பின்சீட்டுக்காரர் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. படத்தில் வருவது மாதிரியே ஒரு தொப்பி வாங்கினான். ஓசூர் வரை காரில் அதைக் கழற்றவே இல்லை.

31-8-86, ஞாயிறு

மகள் காவேரிக்குக் காது குத்தினோம். அஞ்சு வயது ஆன பிறகா பிள்ளைக்குக் காதுகுத்து என்று கம்பெனி கேன்டீனில் எல்லோரும் கேலி. எனக்கும் சிரிப்புதான். பத்து வருடம் அங்கே சோறு ஆக்குகிறேன், என்னைக் கேலி செய்ய அவர்களுக்கு உரிமை இல்லையா?

மொட்டை அடித்து, சந்தனம் பூசி, ஒன்பது மணிக்கே உட்கார்ந்தாயிற்று. தாய்மாமன் மடி வேண்டும். மச்சான் வரவில்லை. நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. பத்தேகாலுக்கு ஆசாரி ஊசியைப் பைக்குள் எடுத்து வைக்கப் போனார். நாகரசம்பட்டியிலிருந்து வந்த ராமப்பன், சாந்தம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, “குடுக்கா” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தான். காவேரி அழுததில் அவன் புது வேட்டி பாழ்.

சாந்தம்மா கடைசிவரை தெருவையே பார்த்தாள்.

1-9-86

இன்று கேன்டீனில் பாதிச் சோறு மீந்தது. எங்கள் கம்பெனி வாட்ச்மேன் கரியப்பனை நேற்றுக் காலை பத்து மணிக்கு கேட்டிலேயே போட்டு அடித்திருக்கிறார்கள். லாரியில் பழைய இரும்புக்கு அடியில் புதுக் கம்பி. தார்ப்பாயைத் தூக்கு என்றானாம், அவ்வளவுதான். வலது கால் ரெண்டு இடத்தில் உடைந்துவிட்டது. அடிக்கச் சொன்னவன் பக்கத்திலேயே தொப்பி போட்டுக்கொண்டு நின்றானாம்.

தொப்பி.

2-9-86

சாந்தம்மாவிடம் சொல்லிவிட்டேன். “ஊருல தொப்பி அவன்கிட்ட மட்டும்தான் இருக்கா?” என்றாள்.

21-9-86, ஞாயிறு



மச்சான் வந்தான். கையில் பட்டுப்பாவாடை. பின்னால் ஒரு போட்டோக்காரர், ஒரு நாவிதர். போலீஸ் கேட்டால், காதுகுத்து அன்றைக்குப் பத்து மணிக்குக் காவேரி அவன் மடியில் இருந்தாள் என்று நாங்கள் சொல்ல வேண்டுமாம். அதற்கு ஒரு போட்டோவும் வேண்டுமாம். முடி கொஞ்சம் முளைத்துவிட்டதே, அதனால் குழந்தைக்கு மறுபடி மொட்டை!

“என்னடா மச்சான், ஷூட்டிங்கா?”

“வெளையாடாத மாமா. குடும்பம்னா இதுதான்.”

எதுடா குடும்பம்? வர வேண்டிய அன்னைக்கு வராம, பிள்ள குட்டி உள்ளவன் கால ஒடச்சிட்டு, என் கொழந்த அழுத அழுகைய இப்ப வந்து எடுத்துட்டுப் போறேன்னு நிக்கறியே! உனக்கு வெக்கமே இல்லியா?

இதில் பாதிதான் வாயில் வந்தது. அதற்குள் சாந்தம்மா குறுக்கே வந்து, “அடுத்த ஞாயிறு வாடா” என்று அனுப்பிவிட்டாள்.

இவள் யார் பக்கம்? கேட்கப் பயமாக இருக்கிறது. எனக்கா பயம்!

28-9-86, ஞாயிறு

வந்தான். போட்டோக்காரரும் கூடவே. சாந்தம்மா பாய் விரித்திருந்தாள். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். காவேரி என் காலைக் கட்டிக்கொண்டாள்.

சாந்தம்மா அவன் எதிரே உட்கார்ந்தாள். “எந்தக் காது மொதல்ல குத்துனாங்க?”

“என்னக்கா?”

“போலீஸ் கேட்டா சொல்லணும் இல்ல? எந்தக் காது?”

“வலது... வலதுதான்.”

“எடது. ஒரு காதோட எந்திரிச்சு மாட்டுக் கொட்டாய்க்கு ஓடிப்போச்சு. தூக்கிட்டு வந்து ராமப்பன் மடியில அழுத்திப் புடிச்சது நானு. நீ எங்கடா இருந்த?”

“அதெல்லாம் யாருக்கா கேக்கப் போறாங்க?”

“நான் கேக்கறேன்டா.”

போட்டோக்காரர் பெட்டியை மூடினார். மச்சான் எழுந்தான். “இனிமே உனக்குத் தம்பி இல்ல” என்றான். படத்தில் பார்த்த அதே மெதுவான குரல். பட்டுப்பாவாடையையும் எடுத்துக்கொண்டான்.

3-10-86

போலீஸ் ஸ்டேஷனில் நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொன்னாள்: “மடி குடுத்தது ராமப்பன். என் தம்பி வரல.” வரும் வழியில் நான் கேலி ஒன்றும் செய்யவில்லை. வாயில் வரவும் இல்லை.

பொங்கல், 1987

சாந்தம்மாவின் ஊத்தங்கரைத் தாய்வீட்டிலிருந்து வருடாவருடம் வரும் சீர் வரவில்லை. மச்சான் ஜெயிலில் இருக்கிறான். மாமியார் எங்கள் பெயரையே எடுப்பதில்லையாம். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் சாந்தம்மா வாசலுக்கு வந்து போனாள்.

பொறுக்க முடியவில்லை. சந்தைக்குப் போய் ரெண்டு கரும்பும் ஒரு மஞ்சள் கொத்தும் வாங்கி, தோளில் வைத்துக்கொண்டு, என் வீட்டு வாசலிலேயே விருந்தாளி மாதிரி நின்று, “அம்மா, சீர் வந்திருக்கு” என்றேன்.

மேலும் கீழும் பார்த்தாள்.

“எந்த ஊருங்க?”

“ஊத்தங்கரைங்க.”

“அங்க எனக்கு யாரும் இல்லீங்களே” என்றாள். சொல்லிவிட்டு, கரும்பை வாங்கி உள்ளே வைத்தாள்.