தடுப்புச் சுவரில் ஒரு ஓட்டை

அன்புள்ள அப்பாவுக்கு, ஜெர்சி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இதை போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று ஒரகடம் ஆபீசில் சரிபார்க்க வந்த ஒரு கப்பல் வரைபடத்தைத் திருப்பி அனுப்பினேன். எஞ்சின் அறையின் தடுப்புச் சுவரில் பைப் போகும் ஓட்டையைச் சுற்றி அடைப்பு இல்லை. "இத்தினியூண்டு ஓட்டைக்கா இவ்ளோ?" என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். "ஒரு பக்கம் தண்ணி வந்தா மறுபக்கமும் ரொம்பிடும்" என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது நம் மீன்பிடி லாஞ்சின் தடுப்புச் சுவரிலும் நீங்களே வெட்டிய அதே மாதிரி ஓட்டையைக் காட்டி, "நீ படிச்சவ, பாத்துச் சொல்லு தாயி" என்றீர்கள். உங்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, "நல்லாருக்குப்பா" என்றேன். மன்னியுங்கள்.

அடைக்காமல் கடலுக்குப் போகாதீர்கள். கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள், ரூமில் தனியாகச் சோறு இறங்கவில்லை. ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. அடைத்ததும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். இந்த முறை ஓட்டையைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஜெர்சி