நடைக் குழு யாருக்கு வேலை செய்தது?

மார்ச் 4, செவ்வாய்

இயக்குநர் அறையில் கூட்டம். சர்க்கரை நோயாளிகளுக்காக நான்கு மருத்துவ நிலையங்கள் நடத்தும் நடைக் குழுக்களுக்கு ஒரு வருடம் முடிந்துவிட்டது. அவற்றால் பலன் உண்டா என்று பார்த்துச் சொல்வது எங்கள் பிரிவின் வேலை. புள்ளியியல் பார்க்கும் சக ஊழியர் திரையில் சராசரியைப் போட்டார். (அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘புள்ளி’தான். கோபித்துக்கொள்ள மாட்டார்.) குழுவில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் மயிரிழை வித்தியாசம்.

“அப்ப வேலை செய்யல. மூடிடலாம், இல்லையா?” என்றார் இயக்குநர்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “யாருக்கு வேலை செய்யல சார்?” என்று கேட்டுவிட்டேன்.

அறையே என்னைப் பார்த்தது. போன மாதம் பயிற்சியில் கற்ற எதார்த்த மதிப்பீட்டு முறையைச் சொன்னேன். ஒரு திட்டம் வேலை செய்ததா என்பதோடு நிற்காமல் யாருக்கு, எந்தச் சூழலில், எதனால் என்று கேட்க வேண்டும். இரண்டு மாத அவகாசம் கேட்டேன். “ஒன்றரை” என்றார், காய்கறிக் கடையில் பேரம் பேசுவது போல.

கிடைத்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

அலுவலகத்தாருக்கு இந்த முறையைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்தேன். சூழல், விசை, விளைவு — பலகை முழுக்க அம்புக்குறிகள். இரண்டு பேர் தூங்கினார்கள். ஒருவர் தூங்காமல் இருந்தது பல்வலியால். முடிவில் புள்ளி கேட்டார்: “அம்பெல்லாம் நல்லா இருக்கு மேடம். யார் மேல விடப்போறீங்க?”

வீட்டுக்கு வந்து புலம்பினேன். “எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாப்போம்” என்றார் இவர்.

“நீங்க பாத்திரம் கழுவுறதா ஒரு திட்டம் இருக்கே, அது வேலை செய்யுதா?”

“ஏன், செய்யுதே.”

“எப்ப?”

யோசித்தார். “உங்க அக்கா வந்திருக்கறப்ப.”

“எதனால?”

“மானம்தான், வேறென்ன!”

அடடா. சூழல் அக்கா, விசை மானம், விளைவு கழுவிய பாத்திரம். இதையல்லவா வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும்!

மார்ச் 13, வியாழன்

எண்களை நிலையம் நிலையமாகப் பிரித்துத் தரச் சொன்னேன். புள்ளி மறுத்தார். “இஷ்டத்துக்குப் பிரிச்சா வேணுங்கறதெல்லாம் தெரியும் மேடம். மேகத்துல யானை தெரியற மாதிரி.”

அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால் என் ஊகத்தை முதலிலேயே எழுதிக் கொடுத்தேன்: அக்கறையான செவிலியர் இருக்கும் இடத்தில்தான் பலன் இருக்கும். பிறகு பிரித்தார். பூங்காவை ஒட்டிய நிலையத்தில் சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. நூல் மில் பக்கத்து நிலையத்தில் ஏறியிருக்கிறது. மற்ற இரண்டிலும் பெரிய மாற்றமில்லை. ஏறியதையும் இறங்கியதையும் கூட்டினால் பூச்சியம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் இரண்டு இடத்துக்கும் போகிறவர் ஒரே செவிலியர். என் ஊகம் முதல் நாளே படுத்துவிட்டது.

மார்ச் 20, வியாழன்

பூங்கா. நானும் கூடவே நடந்தேன். அறுபது வயதுக்காரர்களோடு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. என்னோடு வந்தவர் ஒரு தையல்காரர். இந்த முறையில் நம் ஊகத்தை ஒளிக்கக் கூடாது. எதிரில் இருப்பவரிடம் சொல்லி, தப்பா என்று கேட்க வேண்டும். படுத்த ஊகம்தான், ஆனாலும் செவிலியருக்காகத்தானே வருகிறீர்கள் என்று கேட்டேன்.

சிரித்தார். “நர்சம்மா சொன்னா வீட்லயே தலையாட்டிட்டு உக்காந்துடுவேன். ஒரு நாள் வரலைன்னா இவங்கல்லாம் தேடுவாங்கம்மா. அதுக்குத்தான் வர்றேன்.”

தேடுவார்கள்! இதுதானா? திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன். நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

நூல் மில் நிலையம். புள்ளியும் வந்தார், “நீங்க எப்படி ஏமாறுறீங்கன்னு பாக்கணும்” என்று. மாத்திரை வாங்க வந்திருந்த, குழுப் பட்டியலில் பெயருள்ள பெண் ஒருவரிடம் என் புது ஊகத்தை மிதப்பாகச் சொன்னேன். “வரலைன்னா தேடுவாங்க, அதனால ஆசையா வருவீங்க, இல்லையா?”

“தேடுவாங்க. ஏன் வரலைன்னு கேப்பாங்க.” குரலைத் தணித்துக்கொண்டார். “மில்லுலயும் நாள் பூரா அதையேதான் கேக்கறாங்க. எங்க சூப்பர்வைசரும் இந்தக் குழுதான். அதனால சொல்லாமக் கொள்ளாம நின்னுக்கிட்டோம்.”

அதே கேள்வி. பூங்காவில் அது தேடுவது. இங்கே கணக்குக் கேட்பது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

பேருந்தில் புள்ளி குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாக, “எந்தெந்தக் குழுவுல வேலையிடத்து மேலதிகாரி இருக்காங்கன்னு பிரிச்சுப் பாக்கட்டுமா?” என்றார்.

“யானை தெரிஞ்சுடப் போகுது.”

“இப்பதான் கால்தடம் கிடைச்சிருக்கே மேடம்.”

ஏப்ரல் 10, வியாழன்

புள்ளி மற்ற இரண்டு நிலையங்களிலும் பிரித்துப் பார்த்தார். முக்கால்வாசிக் குழுக்களில் மேலதிகாரி விளக்கம் பொருந்துகிறது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து சொன்னார் மனிதர், கைகூடக் கழுவாமல்.

ஏப்ரல் 17, வியாழன்

அறிக்கை நாள். மூட வேண்டாம், மேலதிகாரிகளுக்குத் தனிக் குழு வையுங்கள், யாரோடு நடப்பது என்பதை நடப்பவர்களே முடிவுசெய்யட்டும் — இவ்வளவுதான் நான் கேட்டது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டேன். நீங்க கதை சொல்றீங்க.”

போச்சு. எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். அந்தப் பூங்காக் கூட்டத்தை யாரு கலைக்கப் போறது, அவங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறது?

புள்ளி எழுந்தார். “சார், ஒரு ஊர்ல வெள்ளம். ஒரு ஊர்ல வறட்சி. கூட்டி ரெண்டால வகுத்தா நல்ல மழைன்னு வரும். போன தடவை நான் குடுத்த சராசரி அப்படிப்பட்டது. கணக்குல தப்பில்ல. ஆனா அதை நம்பி விதைக்க முடியாது.”

இயக்குநர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியை மறுபடி மாட்டினார். “ஆறு மாசம். மில்லுப் பக்கம் மாத்தி நடத்திக் காட்டுங்க.”

ஏப்ரல் 18, வெள்ளி

அக்கா வந்திருக்கிறாள். பாத்திரமெல்லாம் பளபளக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

மூன்று துறைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், இந்த முறையைக் கற்க. இந்தத் தடவை பாத்திரம் கழுவும் கதையில் ஆரம்பித்தேன். யாரும் தூங்கவில்லை. தேநீர் இடைவேளையில்கூட “எங்க வீட்ல எந்தச் சூழல்லயும் நடக்கலையே” என்று ஒரே சத்தம். பள்ளிகளைப் பார்க்கும் ஒருவர் தன் வாசிப்புத் திட்டத்துக்கு இதையே செய்துபார்க்கப் போகிறாராம்.

இவருக்குத்தான் வருத்தம். “என் மானத்தை ஊர் ஊரா ஏத்துமதி பண்றே.”

நவம்பர் 14, வெள்ளி

நூல் மில்லில் நின்றுபோனவர்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டார்கள். சர்க்கரையும் இறங்கத் தொடங்கியிருக்கிறது. கொஞ்சம்தான். கொஞ்சம் போதும்.

இன்னொன்று. பொருந்தாமல் கிடந்த குழுக்களில் ஒன்றை விசாரிக்கப் புள்ளி தானாகவே போயிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்! வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். “மேடம், உங்க விளக்கம் அங்க உடைஞ்சிடுச்சு.”

அங்கே மேலதிகாரி குழுவிலேயே இருக்கிறாராம். ஆனாலும் எல்லாக் குழுவையும்விட நன்றாக நடக்கிறது. “அந்தம்மாவுக்கு முட்டி வலி. எல்லாருக்கும் கடைசியா வருவாங்க. மத்தவங்க நின்னு நின்னு கூட்டிட்டுப் போறாங்க. அங்க யார் யாரைக் கேள்வி கேக்கறது?”

ஆக, மேலதிகாரி இருப்பது மட்டும் காரணமில்லை. நடையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதுதான். ஏன் எனக்குத் தோன்றவில்லை?

“அடுத்த வகுப்பை நீங்க எடுங்களேன்” என்றேன். “நானா?” என்றார். முகம் சிவந்துவிட்டது.

நவம்பர் 20, வியாழன்

புள்ளி வகுப்பெடுத்தார். நான் கடைசி வரிசையில். புதிதாக வந்திருந்த மருத்துவர் ஒருவர் எழுந்து, “அப்ப முதல்ல விளக்கம் சொன்னவங்க சொன்னது தப்பா சார்?” என்று கேட்டார். புள்ளி என் பக்கம் பார்த்துத் தயங்கினார்.

“பாதி தப்பு” என்று இங்கிருந்தே குரல் கொடுத்தேன். “மீதியையும் யாராவது போய் உடைச்சுட்டு வாங்க.”

நான்கு கைகள் உயர்ந்தன.