கனவுக்கு எழுதிய புது முடிவு

வெண்டல்,

குளிர்பெட்டியில் பீன்ஸ் சூப் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு. கார் சாவி என்னிடம். டாக்டரிடம் உன்னை அழைத்துப் போக உன் தங்கை ரோவீனா வருவாள்.

டாக்டர் சொன்னபடி, திரும்பத் திரும்ப வரும் உன் ஈராக் போர்க் கனவுக்குப் புது முடிவு எழுதி நேற்று எனக்குப் படித்துக் காட்டினாய். அதில் எரிகிற வண்டியிலிருந்து உன் பட்டாளத் தோழன் டெல்ராய் உயிரோடு இறங்கி வருகிறான். நான்தான், "மாத்தி எழுதிட்டா செத்தவன் எந்திரிச்சு வந்துருவானா?" என்று கேட்டுத் தொலைத்தேன். நீ தாளைக் கிழித்துப் போட்டாய். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கிழிந்ததை ஒட்டி மேஜைமேல் வைத்திருக்கிறேன். சாயங்காலம் மறுபடி படி. வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

லொரெய்ன்

நான் அப்படிக் கேட்டதை ரோவீனாவிடம் சொல்லாதே, என்னைக் கொன்றுவிடுவாள்.

டெல்ராய் வரமாட்டான், தெரியும். அந்த வண்டியிலிருந்து நீ இறங்கி வந்தால் போதும் எனக்கு.