அரை மணி நேரத்து ரத்தம்

அப்பா,

இன்று சின்னவனுக்குக் காய்ச்சல். ரத்தம் சோதித்துவிட்டு 'நார்மல்' என்று எழுதிய சீட்டை லேப்காரர் நீட்டினார். "காய்ச்சல் வந்து எத்தன நாளானா ரத்தத்துல தெரியுங்க?" என்று கேட்டேன். "நல்லா இருக்குதுன்னு சொன்னாலும் சண்டைக்கு வர்றீங்களேம்மா" என்றார். உங்களை நினைத்துக்கொண்டேன். மரியாதையோடு என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் போய் மூன்று வருஷம். கடத்தூரில் புளி மண்டி வைத்து, பெண்ணைக் கல்லூரி வரை படிக்க வைத்த பெரிய மனுஷர் என்றுதான் இன்னமும் ஊர் பேசுகிறது. பேசட்டும். எனக்குத் தெரிந்தவர் ஒரு துண்டுக் காகிதத்திடம் ஏமாந்தவர்.

தருமபுரியில் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். சட்டை நனைந்துவிட்டது. நான்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஈ.சி.ஜி.யில் தெளிவாக எதுவும் தெரியவில்லை. வலி வந்த அரை மணி நேரத்துக்குள் எஸ்.ஜி.ஓ.டி. சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். இதயத் தசை அடிபட்டால் அதிலிருந்து கசிகிற என்சைம் அது. ரத்தத்தில் ஏறித் தெரிவதற்கு அரை நாளாவது ஆகும். நான் படித்திருந்தேன். டாக்டரும் சொன்னார்: "இப்ப நார்மல்னு வந்தத நம்பக் கூடாதுங்க. இங்கயே படுங்க. காலையில மறுபடி எடுக்கணும்."

உங்கள் காதில் விழுந்தது 'நார்மல்' மட்டும். "ஒருக்கா குடுத்த ரத்தம் பத்தாதா இவனுங்களுக்கு? வாயுப் புடிப்பும்மா" என்று சீட்டைப் பையில் செருகிக்கொண்டு சாயங்கால பஸ் ஏறிவிட்டீர்கள்.

மறுநாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் மண்டிக்கு வந்தேன். தராசுக்குப் பக்கத்தில் நின்று, வந்த வியாபாரிகளுக்கெல்லாம் அந்தச் சீட்டைக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். அதிலிருந்த ஆங்கிலம் அவர்களில் ஒருவருக்கும் படிக்க வராது. தலையை மட்டும் நன்றாக ஆட்டினார்கள். உங்களுக்கு ஏற்ற சபை.

"வாங்கப்பா, ரத்தம் குடுத்துட்டு வந்தரலாம்."

"பாருங்கய்யா, காலேஜுக்கு அனுப்புனதுக்கு! அப்பன் நல்லா இருக்கறான்னு சீட்டு வந்தா, எம் பொண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறா."

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர், "நோவுன்னு எழுதியிருந்தா பாப்பா சந்தோசப்பட்டிருக்குமாட்ட இருக்குதுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

உங்கள் முகம் வெளுத்திருந்தது. மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. அதையும் பார்த்தேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் எதற்கு வம்பு என்று நானும் சிரித்து வைத்தேன். பத்து மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மத்தியானம் தராசடியிலேயே சாய்ந்தீர்களாம்; தூக்கி வண்டியில் கிடத்துவதற்குள் உயிர் இல்லை.

உங்கள் வீம்பையும் அந்தத் தலையாட்டிகளையும் திட்டித் திட்டி இன்னும் எனக்கு ஓயவில்லை. யார் நெஞ்சு வலி என்றாலும் 'எத்தன மணிக்கு வந்துச்சு' என்று முதலில் கேட்கிறேன், மறுபடி ரத்தம் எடுக்காமல் விட மாட்டேன் என்கிறேன், பைத்தியம் என்கிறார்கள். அந்த வியாபாரிகளாவது தெரியாமல் சிரித்தார்கள், அப்பா. அந்த மண்டியில் தெரிந்தே சிரித்தவள் நான் ஒருத்திதான்.