மூன்றாவது விசில்

தம்பி, இன்று காலை ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகள், உங்கள் ஃபோன் எண் போட்ட காந்தத்தைக் காட்டி, "அத்தை, இந்த நம்பர்தான் இப்ப இல்லையே, எடுத்துடட்டுமா?" என்றாள். எண் போனால் போகட்டும், அது பிடித்துக்கொண்டிருக்கும் தாளைத் தொடாதே என்றேன்.

அந்தத் தாள் நீங்கள் எழுதியது. முதல் முறை நான் அமெரிக்காவுக்கு, இந்த ஃபிரிஸ்கோ ஊருக்கு வந்தபோது, மகனின் சிநேகிதன் பேச்சைக் கேட்டு கம்ப்யூட்டரிலேயே எனக்கு இன்ஷூரன்ஸ் வாங்கினார்கள். வயிற்றுவலி வந்த அன்று அந்தக் கம்பெனி எண்ணில் மனுஷக் குரலே இல்லை. ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சிநேகிதனுக்கு இன்றுவரை என் கையால் காபி கொடுத்ததில்லை. அடுத்த முறை, "முகம் தெரிஞ்ச ஆளாப் பாருடா" என்று மகனிடம் பிடிவாதம் பிடித்தேன். கோயில் சாப்பாட்டு வரிசையில் யாரோ நம்ம ஊர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று உங்களைச் சொன்னார்கள். மளிகைக் கடையை ஒட்டிய சின்ன ஆபீஸ்.

நீங்கள் மகனை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?"

"ஒண்ணுமில்லீங்க தம்பி."

"அப்புறம் பைக்குள்ள என்னமோ கலகலங்குதே?"

நோயாளி மாமியார் என்று மருமகள் நினைத்துவிடுவாளோ என்று ஊரிலிருந்தே மறைத்துக் கொண்டுவந்த பிபி மாத்திரை. கூட வந்திருந்த அவள் முன்னாலேயே வெளியே எடுக்க வைத்துவிட்டீர்கள். அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. நீங்களோ சிரித்துக்கொண்டே விளக்கினீர்கள். பழைய நோய்க்கு இந்தப் பாலிசி பணம் தராது. அது திடீரென்று முற்றினால் தரும். ஆனால் வலி தொடங்கி ஒரு நாளுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும்.

"நம்ம ஊர் அம்மாக்கள் மூணு நாள் பொறுத்துட்டு நாலாம் நாள்தான் வாயத் திறப்பீங்க. கம்பெனி அங்கதான் கையை விரிக்கும்."

நான் எழுத்துக்கூட்டிப் படிப்பவள் என்று தெரிந்ததும், ஒரு தாளில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தீர்கள்: வலி வந்தால் உடனே சொல்லவும்.

இரண்டு மாதம் கழித்து, குக்கரில் பருப்பு வேகும்போது நெஞ்சை அழுத்தியது. மருமகள் பக்கத்து அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். முடியட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். எதிரே உங்கள் தாள். எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கே வந்தீர்கள். "எப்பம்மா ஆரம்பிச்சது?"

"மூணாவது விசிலுக்கு."

"ஃபார்ம்ல விசில்னு எழுத முடியாதும்மா!"

மருமகளின் மீட்டிங்கை வைத்து நேரத்தைக் கண்டுபிடித்து எழுதினீர்கள். கம்பெனி முதலில் முடியாது என்றது. நீங்கள் வாரக்கணக்காக விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தீர்கள். என் மகன் தலையில் பாரம் விழவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி என்று சொல்ல மாட்டேன் தம்பி. என் பிள்ளை என் பையைக் கவனித்ததில்லை.

அப்படிப்பட்ட நீங்கள், மூன்று நாள் நெஞ்சைத் தடவிக்கொண்டே "வெறும் கேஸ் ட்ரபுள்தான்" என்று ஆபீஸுக்குப் போனீர்களாம். துக்கம் விசாரிக்கப் போனபோது உங்கள் மனைவி சொல்லி அழுதார். எனக்கு எழுதியதை உங்களுக்கும் ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளக் கூடாதா? அந்தச் சிநேகிதனையாவது ஒருநாள் மன்னிப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்.

போன வாரம் மகன் தோளைத் தேய்த்தபடி காரிலிருந்து இறங்கி உள்ளே வந்தான். என்னடா என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா."

ஷூவைக் கழற்றக்கூட விடவில்லை. "எத்தனை மணியிலிருந்து?" என்று கேட்டேன்.