மஞ்சள் குங்குமம் வைக்காத பார்சல்

மதினி,

இன்று காலை ஆமத்தூர் குடோனைத் திறந்ததும் மஞ்சள் வாசனை மூக்கில் ஏறியது. ராத்திரி எலி வந்து பொட்டலப் பெட்டியைக் கடித்துத் தரையெல்லாம் மஞ்சளும் குங்குமமுமாக இறைத்து வைத்திருந்தது. பேக்கிங் பிள்ளைகள் "யக்கா, எலி கோலம் போட்டிருக்கு" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவணி முகூர்த்தம் தலைக்கு மேல் நிற்கிறது, பெங்களூர் பார்சல் மத்தியானத்துக்குள் வண்டி ஏற வேண்டும், ஒரு வீட்டார் மாப்பிள்ளையின் இனிஷியலை மூன்றாவது தடவையாக மாற்றச் சொல்கிறார்கள். நீங்கள் இருந்தால் அந்த எலி வேலையையும் வீடியோ எடுத்து நம் பேஜில் போட்டிருப்பீர்கள். நான் துடைப்பத்தைப் பிடுங்கி நானே பெருக்கினேன். இப்போதெல்லாம் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் அந்த போன் கண்ணில் படுகிறது.

அந்த போனைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நேராக அங்கே போக என்னால் ஆகாது. சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுமை உங்களுக்கு வராது என்று தெரியும், இருந்தாலும் வேறு வழியில்லை.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு விருதுநகரில் அண்ணன் வீட்டுப் பின்கட்டு அறையில் வந்து விழுந்துகிடந்தேனே, நினைவிருக்கிறதா? வருகிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள். நீங்கள் ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து உங்கள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். "ஏட்டி சுந்தரி, நீ கம்ப்யூட்டர் படிச்சவதான? அழுவுறத சாயங்காலம் வச்சுக்கிடலாம். மொதல்ல இந்த வீடியோவுக்கு ஒரு பாட்டு போட்டுக் குடு." அது திருத்தங்கலில் அண்ணன் பிரஸ்ஸில் தாம்பூலப் பை அச்சாகி வரும் வீடியோ. கை ஆடிய ஆட்டத்தில் பாதி வீடியோவில் உங்கள் கட்டைவிரல்தான் தெரிந்தது. கோபத்தில் பாட்டு போட்டுக் கொடுத்தேன். அந்தக் கோபத்தில்தான் நம் கடை பிறந்தது.

அண்ணனின் பிரஸ்ஸுக்கு அதுவரை ஏஜெண்டுகள் கொண்டுவரும் வேலைதான் சோறு. காலண்டர் சீசன் முடிந்தால் மெஷின் ஈ ஓட்டும். "அடிக்கிறது நம்ம, பேர் வாங்குறது எவனோ" என்று நீங்கள் பொருமுவீர்கள். வீடியோவைப் பார்த்துத் திருப்பூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் நூறு பை, இருநூறு கார்டு. அண்ணன் கையை விரித்தார். "ஆயிரத்துக்குக் கொறஞ்சு மெஷின்ல ஏத்துனா கட்டாது." நீங்கள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நாலு வீட்டுக் கல்யாணத்த ஒரே தாளுல அடிச்சு, வெட்டிப் பிரிச்சா?" என்றீர்கள். அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு கையில் இருந்த தோசையைத் தட்டிலேயே போட்டுவிட்டு, கழுவாத கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனார்.

அன்றிலிருந்து ஓட்டம்தான். ஒரே தாளில் சேலத்து மாப்பிள்ளையும் தஞ்சாவூர்ப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகி, வெட்டுக் கத்திக்குப் பிறகு அவரவர் ஊருக்குப் போனார்கள். "மாத்தி ஒட்டிக்கிட்டா எந்தக் கல்யாணம் நடக்குமோ" என்று நீங்கள் கிண்டல் செய்வீர்கள். ஆனாலும் ஒவ்வொரு கட்டையும் நீங்களே பிரித்துப் பார்த்தால்தான் உங்களுக்குத் தூக்கம். மற்ற சாமான் ஒரு நாள் பிந்திப் போனால் திட்டு விழும், அவ்வளவுதான். தாம்பூலப் பை ஒரு நாள் பிந்தினால் அது வெறும் காகிதம். அந்தப் பதற்றத்தை நீங்கள் ருசித்துச் சாப்பிட்டீர்கள். நான் பார்சல் போய்ச் சேர்ந்ததா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருப்பேன்.

மஞ்சள் குங்குமப் பொட்டலமும் உங்கள் யோசனைதான். பார்சலைப் பிரித்ததும் முதலில் அதுதான் கையில் வர வேண்டும் என்றீர்கள். நான் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தபோது நம் பெரியம்மா வந்து, "புருசன் போனவ கையால மங்கலப் பொருளா?" என்று மோவாயில் கை வைத்தார். எனக்குக் கை நின்றுவிட்டது. நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்ப நீங்க மடிச்சுக் குடுங்க பெரியம்மா. இன்னைக்குள்ள ஆயிரம் வேணும். இங்கன உக்காருங்க." பெரியம்மா காப்பியைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார். நான் மறுபடி மடிக்க ஆரம்பித்தேன்.

அந்தப் பொட்டலத்தை நெற்றியில் தொட்டு வைத்துக்கொண்டு யாரோ ஒரு கல்யாணப் பெண் பார்சல் பிரிக்கும் வீடியோ போட, அது ஊரெல்லாம் சுற்றியது. பிறகு சிங்கப்பூர், துபாய், கோலாலம்பூர். மதுரைப் பையன் ஒருவனைப் பிடித்து வெப்சைட் செய்தோம், ஆமத்தூரில் குடோன் எடுத்தோம், பிள்ளைகளை வேலைக்கு வைத்தோம். மற்ற கடைக்காரர்களும் பொட்டலம் வைக்க ஆரம்பித்தார்கள். நீங்கள் ஒரு நாள் முழுக்கத் திட்டினீர்கள், மறுநாள் பெருமையாக அதையே எல்லாரிடமும் சொன்னீர்கள். "பொட்டலம் இல்லாம ஒரு பார்சலும் இந்த வாசலத் தாண்டக் கூடாது" என்பது பேக்கிங் பிள்ளைகளுக்கு உங்கள் கட்டளை.

அந்தக் கட்டளைதான் நம்மை மாட்டிவிட்டது. கருமாதிப் பத்திரிகையும் கேட்கிறார்களே என்று நான் வெப்சைட்டில் அதற்கு ஒரு பக்கம் சேர்த்தேன். முதல் ஆர்டர் கோவில்பட்டியிலிருந்து வந்தது. பிள்ளைகள் சொன்ன சொல் தவறாமல் அந்தப் பார்சலிலும் மஞ்சள் குங்குமத்தை வைத்து, "மங்கலம் பெருகட்டும்" அட்டையையும் சொருகி அனுப்பிவிட்டார்கள். இறந்தவரின் மகன் போனில் கத்தினார். "எங்கப்பா செத்து ஒரு வாரங்கூட ஆகல. எங்கம்மாவுக்குக் குங்குமம் அனுப்பி வச்சிருக்கீக. வெளாட்டா இருக்கா ஒங்களுக்கு?"

நீங்கள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினீர்கள், என்னையும் இழுத்துக்கொண்டு. இடம் இருந்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி, "என்னன்னு சொல்லி மன்னிப்புக் கேப்பேன்டி" என்று வழியெல்லாம் முணுமுணுத்தீர்கள். அந்த வீட்டில் மகன் வாசலை மறித்து நின்றார். உள்ளேயிருந்து அந்த அம்மா, "உள்ள விடுய்யா" என்றார். நீங்கள் அவர் காலடியில் போய் உட்கார்ந்தீர்கள். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதில் நம் பொட்டலம் இருந்தது.

"வாரவுக எல்லாரும் இனி இத வைக்காத, அத உடுத்தாத, அங்கன நிக்காதன்னு ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டுத்தான் போறாக. குடுத்து விட்டது நீங்க ஒரு ஆளுதான்" என்றார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அந்த அம்மா என் நெற்றியைப் பார்த்தார். "ஒனக்குமா தாயி?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து தெருக்குழாய் பக்கத்தில் நின்றுகொண்டேன். நீங்கள் உள்ளே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அந்த வீட்டுக்குள் திரும்பப் போகும் தைரியம் இல்லை.

திரும்பி வந்ததும் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னீர்கள். துக்க வீட்டுக்காரர்கள் பட்டனை அமுக்கி ஆர்டர் போட வேண்டாம், பேசட்டும் என்றீர்கள். அதற்கென்று தனியாக ஒரு போன் வாங்கி, வெப்சைட்டில் அதன் நம்பரை மட்டும் போட்டோம். கல்யாண வீட்டாரை நீங்கள் விரட்டுவீர்கள்: "சீக்கிரம் புரூஃப் பாத்துச் சொல்லுங்க, தாளு காத்துக்கிட்டு இருக்கு." இந்த போன் அடித்தால் மட்டும் எங்கிருந்தாலும் போய்க் காகிதக் கட்டின் மேல் உட்காருவீர்கள். எத்தனை கார்டு, என்ன டிசைன் என்று முதலில் கேட்கவே மாட்டீர்கள். "யாருக்குய்யா? சொல்லுங்க" என்பீர்கள். அவர்கள் சொல்வார்கள், அழுவார்கள், சில நேரம் சிரிப்பார்கள். நாள் முழுக்க ஓடுகிற நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்தக் கார்டுகளைக் கல்யாணக் கார்டோடு ஒரே தாளில் சேர்க்கக் கூடாது என்பதில் நீங்கள் விடாப்பிடி. ஒரு வீட்டுக் கருமாதிக்கு ஒரு தாள், மீதி இடம் வெள்ளையாகவே போகும். அண்ணன் தாங்கமாட்டாமல் ஒரு நாள், "இதுலயும் நாலு சேரட்டுமே, ஒண்ணா அடிச்சிரலாம்" என்றார். நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நாலு சேரணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிடச் சொல்றீகளா?" என்று கேட்டீர்கள். மெஷின்காரர்கூடச் சிரித்துவிட்டார். அண்ணன் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வைகாசி முகூர்த்தத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைத் தடவிக்கொண்டே "வாயுடி" என்றீர்கள். சோடா வாங்கி வரச் சொன்னீர்கள். நான் ஆஸ்பத்திரி என்றதும், "வண்டி கெளம்பட்டும் மொதல்ல" என்றீர்கள். வண்டி கிளம்பியது. உங்களை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நீங்களும் போய்விட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை மதினி. வந்தவர்கள் எல்லாம் சுமங்கலியாகப் போனாள், கொடுத்துவைத்தவள் என்றார்கள். எதைக் கொடுத்து எதை வைத்தீர்கள்?

உங்கள் கார்டும் தனித் தாளில்தான் ஓடியது. அண்ணன் மெஷின்காரரை நகரச் சொல்லிவிட்டுத் தானே நின்று ஓட்டினார். வெட்டி எடுத்தபின் மீதித் தாள் வெள்ளையாகக் கிடந்தது.

அதன்பின் அந்த போனை நான் சார்ஜ் போட்டு வைத்தேன், சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டேன். மேஜை மேல் அது நடுங்கி நடுங்கி நிற்கும். "விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பவும்" என்று தானாகப் போகும்படி ஒரு மெசேஜ் வைத்தேன். பாதிப்பேர் அதோடு நின்றுவிட்டார்கள். நீங்கள் அந்த வீடுகளோடு பேசியது வேறு. நான் அப்படி ஒரு வீட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்தவள். திரும்ப உள்ளே போனால் வெளியே வருவேனா என்று பயம். அண்ணனும் சொல்லிவிட்டார்: "அந்த நம்பர எடுத்துரு சுந்தரி. அவ இருந்தா, பேசுனா. நம்மளால ஆவாது." அவர் சொன்னதில் தப்பில்லை. இன்று எடுத்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பெங்களூர் பார்சல் ஏறியதும் லேப்டாப்பைத் திறந்து அந்த நம்பரை அழிக்கப் போனேன். அப்போது போன் நடுங்கியது. ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. எடுத்தவள் முட்டாள்தனமாக, "எத்தன கார்டு வேணும்?" என்றேன்.

ஒரு பெரியவர் குரல். "போன வருசம் எங்க அண்ணன் காரியத்துக்கு ஒரு அம்மா பேசுனாகளே. அவுககிட்டக் குடு தாயி."

இத்தனை நாளில் அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னதே இல்லை. "அவுக இல்லய்யா. தவறிட்டாக."

"அடக் கடவுளே" என்றார். "ஒனக்கு அவுக யாரு தாயி?"

"மதினி."

"சொல்லு. எப்பிடி ஆச்சு?"

நான் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வண்டி, சோடா, மதுரை ரோடு எல்லாம் சொன்னேன். உங்களைத் திட்டியும் வைத்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகுதான், "ஒங்களுக்கு யாருய்யா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காரிதான்" என்றார். "டீயில சீனி கூடப் போட்டா ஏசிக்கிட்டே இருப்பா. இப்ப எம்புட்டுப் போட்டாலும் கேக்க ஆளில்ல. ரெண்டு நாளா சீனியே போடல."

இருவரும் ஏதேதோ பேசினோம். அவர் போனை வைத்தபின் பார்த்தால், ஊர், பெயர், தேதி, எத்தனை கார்டு, ஒன்றுமே நான் கேட்டிருக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். "ஐயா, ஆர்டர் எடுக்க மறந்துட்டேன்" என்றேன். "நானுந்தான் சொல்ல மறந்துட்டேன், எளுதிக்கோ" என்று முதலில் அந்த அம்மாவின் பெயரைச் சொன்னார், சாத்தூர் அட்ரஸை அப்புறம்தான் சொன்னார்.

நம்பரை நான் எடுக்கவில்லை. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் சாத்தூர்க் கார்டைத் தனித் தாளில் ஏற்றச் சொல்லும்போது அவருக்கே தெரிந்துவிடும். மனசு இப்போதும் நிலைகொள்ளவில்லை மதினி. யார் கூப்பிடுவார்களோ, என்ன சொல்வேனோ என்று தெரியவில்லை. போன் என் மடியில் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள் சுந்தரி