வாசலில் நிறுத்திக் கேள்

1959 செப்டம்பர் 4

பத்திரிகைச் செய்திக்காக விருதுநகரிலிருந்து காலை பஸ்ஸில் சிவகாசி. விசாரணை தள்ளிவைக்கப்பட்டது, சப் கலெக்டர் வரவில்லை. வெயில் கடுமை.

ஆனைக்குட்டம் சாலையில் உள்ள பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்து இன்றோடு ஒரு வாரம். மூன்று பேர் இறந்தார்கள்: மருந்து கலக்கும் கோட்டைச்சாமி, திரி வைக்க வந்த இரண்டு பெண்கள். தீபாவளி ஆர்டர் நெருக்கும் நேரம் என்பதால் மற்ற அறைகளில் மறுநாளே வேலை தொடங்கிவிட்டது.

மேனேஜர் தங்கச்சாமி காரணத்தைக் கையோடு வைத்திருக்கிறார். “பீடிதான் அண்ணாச்சி. அந்தாளுக்கு பீடி இல்லாம அரை நாளி ஓடாது. ஊருக்கே தெரியும்.”

பீடியை யார் பார்த்தது என்று கேட்டேன். மேஸ்திரி சவரிமுத்து போலீசில் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அந்த அறையருகே இருந்து உயிரோடு மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். கை இரண்டும் வெந்து, இப்போது திருத்தங்கலில் வீட்டில் இருக்கிறார். யாரிடமும் பேசுவதில்லையாம்.

தங்கச்சாமி இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைக் குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 6

திருத்தங்கல் போனேன். சவரிமுத்துவின் மனைவி மரியாயி வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். “அவுக பேச மாட்டாக. பேசுனாலும் ஒங்களுக்கு ஆகுற பேச்சா இருக்காது” என்றார். கை நிற்கவில்லை.

உள்ளே சவரிமுத்து கட்டிலில் சாய்ந்திருந்தார். முழங்கை வரை கட்டு. மடியில் தலையணை, அதன்மேல் மேலட்டை போன ஒரு சின்னப் புத்தகம், திறந்தபடி.

“நெருப்பப் பத்திக் கேக்க வந்திருக்கீக.”

“ஆமா.”

“அதச் சொல்றதுக்கு இல்ல. வந்தது வந்தீக, இதுல ஒரு பக்கம் வாசிச்சிட்டுப் போங்க. எனக்குத் திருப்பக் கையில்ல. அவளுக்குத் திருப்ப நேரமில்ல, வாசிக்கவும் தெரியாது.”

வாசித்தேன். ஒரு கிறிஸ்தவத் துறவி யாரோ ஒரு பெண்ணுக்குச் சொல்கிற ஜெப யோசனைகள். பழைய வேதக்காரத் தமிழ். சர்வேசுரன், ஆத்துமா, ஏகாந்தம். எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை, ஊர் இல்லை. ‘ஆத்துமா அமர்ந்திருக்கக் கற்றால் அதற்குச் சொல்லவேண்டியது ஒன்றும் மிஞ்சாது’ என்று முடிந்தது அந்தப் பக்கம்.

சொல்லவேண்டியது ஒன்றும் மிஞ்சாது. மூன்று பிணம் விழுந்த இடத்தின் ஒரே சாட்சிக்கு எவ்வளவு வசதியான உபதேசம்.

செப்டம்பர் 7

அந்தப் புத்தகத்தை அவருக்குக் கொடுத்தது யார்?

செப்டம்பர் 10

கம்பெனி முதலாளிக்கு திருத்தங்கலில் ஓர் அச்சகமும் உண்டு. காலண்டர், லேபிள், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்கள். ஒரு சின்னப் புத்தகம் அடித்து மேஸ்திரி மடியில் வைப்பது பெரிய வேலை இல்லை. அங்கே எழுத்துக் கோக்கும் பத்திரகாளி எனக்குப் பழக்கம். புத்தகத்தின் எழுத்து எப்படி இருந்தது, தாள் எப்படி என்று விவரித்தேன்.

“அந்த மாதிரி குண்டு எழுத்து இங்க எந்த பிரஸ்லயும் கிடையாது அண்ணாச்சி. பளைய மிசன் பிரஸ் எழுத்து. தையல் நூலா, கம்பியா?”

“நூல்.”

“அப்ப உங்க வயசாவது இருக்கும் அதுக்கு.”

அச்சடித்தது முதலாளி இல்லை. ஆனால் பழைய புத்தகத்தையும் வாங்கிக் கொடுக்கலாமே.

செப்டம்பர் 13

இரண்டாம் முறை. புத்தகம் எப்படி வந்தது என்று நேராகவே கேட்டேன்.

“கல்யாணத்துக்கு எங்க மாமா குடுத்தாரு. காமநாயக்கன்பட்டியில உபதேசியாரா இருந்தவரு. அண்டா குடுத்திருக்கலாம்.”

வாசலிலிருந்து மரியாயி: “அண்டா குடுத்திருந்தா தண்ணியாவது ஊத்தி வச்சிருப்பேன்.”

சவரிமுத்து சிரிப்பதை முதல்முறையாகப் பார்த்தேன். தோள் குலுங்கியதும் கை வலித்து நின்றுவிட்டது.

இன்று வாசித்த பக்கம் நான் எதிர்பார்த்ததாக இல்லை. அப்படியே எழுதி வைக்கிறேன்: ‘உனக்கு ஆறுதல் வந்தால் உடனே உள்ளே விடாதே. வாசலில் நிறுத்தி, நீ யாரிடமிருந்து வருகிறாய், மடியில் என்ன கொண்டு வருகிறாய் என்று கேள். சர்வேசுரன் அனுப்பிய ஆறுதல் சோதனைக்குக் கோபப்படாது.’

“எங்க கேட்டுல நடக்கிற மாதிரியே இருக்கு பாத்தீகளா” என்றார் சவரிமுத்து. கம்பெனி வாசலில் தினமும் காலை மடி சோதனை இவர் வேலை. பீடி, தீப்பெட்டி வைத்திருப்பவர்கள் ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். சாயங்காலம் அவரவர் பீடியை அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

“அன்னைக்கும் சோதனை பண்ணுனீங்களா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் காத்திருந்தும் திறக்கவில்லை. ஜெபமா, நடிப்பா? முப்பது வருஷம் மனிதர்களைக் கேள்வி கேட்டிருக்கிறேன். தெரியவில்லை.

செப்டம்பர் 15

சிவகாசி பஸ் நிலையத்தில் ஒரு பெண் எதிரே வந்து நின்றார். கோட்டைச்சாமியின் மனைவி ராக்காயி.

“ரிப்போர்ட்டரையா நீங்கதான?”

“ஆமாம்மா.”

“மேஸ்திரி வீட்ல போயி வேதப் பொஸ்தகம் வாசிக்கீகளாமே. எம்புட்டுக் குடுத்தாக?”

யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்றேன்.

“அவுகளும் அப்படித்தான் சொல்லுவாக. எம்புருசன் பீடியால ரெண்டு பொம்பளைய எரிச்சுட்டானாம். செத்தவ வீட்டு ஆளுக எந்தெருவுல வந்து மண்ண வாரித் தூத்திட்டுப் போறாக. பாத்த மனுசன் கண்ண மூடி ஜெபம் பண்ணுறாரு. நீங்க பக்கத்துல ஒக்காந்து பாட்டு வாசிக்கீக. நல்லா இருங்க.”

ஆனைக்குட்டம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

செப்டம்பர் 16

வேலைமெனக்கெட்டு யோசித்தேன். ராக்காயி இடத்தில் நான் இருந்தால் எனக்கும் இதே சந்தேகம்தான் வரும்.

செப்டம்பர் 20

போகக்கூடாது என்றிருந்தேன். போனேன். புத்தகத்தை விட்ட இடத்தில் திறந்து வாசித்தேன். ஒரு பத்தியில் நின்றுவிட்டேன்.

‘வாய் பேசாதவனெல்லாம் மவுனத்தில் இருக்கிறான் என்று எண்ணாதே. பயந்தவனும் பேசுவதில்லை. வெளியே இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பயத்தின் மவுனம் அயலானின் தோள்மேல் பாரத்தை வைத்துவிட்டு ஜெபிக்கப் போகும்.’

வாசித்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவர் முகம் இறுகிவிட்டது. “மூடி வைங்க.”

வைத்தேன்.

“போயிட்டு வாங்க.”

“மேஸ்திரி —”

“போயிட்டு வாங்கன்னேன்.”

மரியாயி பசைக் கையோடு எழுந்து எனக்கு வழிவிட்டார். இனி அழைப்பு வராது. என் சாட்சியை நானே கெடுத்துக்கொண்டேனா?

செப்டம்பர் 24

டீக்கடையில் தங்கச்சாமி. அவராக வந்து உட்கார்ந்தார்.

“மேஸ்திரி ஏதோ பொஸ்தகம் வாசிக்காராம்ல. மனுசன் பச்சப்புள்ள மாதிரி அமைதியாயிட்டாராம். முதலாளிக்கு ரொம்பச் சந்தோசம். நம்ம பிரஸ்லயே ஆயிரம் காப்பி அடிச்சு எல்லா யூனிட்டுக்கும் குடுத்தா என்னங்கிறாரு. எந்தச் சாதி, எந்த மதம்னாலும் அமைதி நல்லதுதான அண்ணாச்சி.”

“நீங்க வாசிச்சுப் பாத்தீங்களா?”

“எனக்கு எங்க நேரம். லோடு போயிட்டிருக்கு.”

நான் வாசித்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அடியுங்கள், அவசியம் அடியுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. டீயைக் குடித்துவிட்டேன்.

செப்டம்பர் 28

பஸ் நிலையத்துப் பழைய புத்தகக் கடையில் இதே வகையில் இன்னும் இரண்டு கிடைத்தன. வேறு வேறு துறவிகள், வேறு வேறு காலம். மூன்று நாளாக வாசிக்கிறேன். மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்குக் கூடச் செய்திக்காகப் போகிறவன் நான், கும்பிட்டது குறைவு. ஆகவே இதைப் பக்தியாக எழுதவில்லை.

நினைத்தது ஒன்று, இருப்பது ஒன்று. இந்த ஆட்கள் தரிசனம் கண்டதாகப் பெருமையடித்துக்கொள்பவர்கள் என்று எண்ணியிருந்தேன். எங்கே திறந்தாலும் சந்தேகம். கண்ட காட்சியைச் சந்தேகி, கேட்ட குரலைச் சந்தேகி, கண்ணீரைச் சந்தேகி. எல்லாவற்றையும்விட உன் நிம்மதியைச் சந்தேகி. ஒருவர் பல வருஷம் ஒன்றும் காணாமல் இருட்டில் உட்கார்ந்திருந்ததைச் சொல்கிறார். அதற்கு விளக்கம் தரவில்லை, இருட்டை வெளிச்சம் என்றும் சொல்லவில்லை. எங்கள் ஆபீசில் இப்படிச் செய்தி எழுதுகிற ஒருவனைக் காட்டுங்கள்.

தேதி இல்லை, சாட்சி இல்லை என்று குறை சொன்னேன். அங்கே சாட்சியாக நிற்கவேண்டியவன் வாசிக்கிறவன். நான் முதலமைச்சர் முதல் திருடன் வரை சந்தேகப்பட்டிருக்கிறேன். என் சந்தேகத்தை எந்த வாசலிலும் நிறுத்திக் கேட்டதில்லை. தங்கச்சாமி முகத்து நிம்மதியைக் குறித்துக்கொண்டேனே, அதுபோல என் முகத்தைக் குறிக்க ஓர் ஆள் இருந்ததா?

ஆனாலும் சவரிமுத்துவின் புத்தகத்தில் நான் முதலில் வாசித்த பக்கத்தை வைத்து ஒருவனை ஊமையாக்கலாம். அதையும் பார்த்தேன். அரைப் பக்கமாக வாசித்தால் அபினி. முழுதாக வாசித்தால்? தெரியவில்லை. சவரிமுத்து இன்னும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 5

விசாரணை. சப் கலெக்டர் வந்தார். தாலுகா ஆபீஸ் கூடம் நிரம்பியிருந்தது. ராக்காயி சுவரோரம் தரையில். சவரிமுத்து மரியாயியோடு வந்தார். கையில் கட்டு குறைந்திருந்தது.

கோட்டைச்சாமிக்குப் பீடிப் பழக்கம் உண்டா என்று கேட்டார்கள்.

“உண்டு.”

தங்கச்சாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“அன்றைக்குப் பீடி கொண்டுவந்தாரா?”

“கொண்டுவந்தாரு. டப்பாவுல போட்டுட்டுத்தான் உள்ள போனாரு. தீப்பெட்டியும் சேத்து. வாங்கிப் போட்டது நான். மடியத் தட்டிப் பாத்ததும் நான். உள்ள போகயில அவருகிட்ட ஒண்ணுமில்ல.”

கூடத்தில் சத்தம் எழுந்து அடங்கியது. இதை ஏன் போலீசில் சொல்லவில்லை என்று கேட்டார் சப் கலெக்டர்.

“பீடி குடிப்பாரான்னு கேட்டாக. குடிப்பாருன்னேன். வேற கேக்கல. நானும் சொல்லல.”

“ஏன்?”

“பீடி இல்லைன்னா பெறகு என்னன்னு கேப்பீக. அதுக்குத்தான்.”

பிறகு அதையும் சொன்னார். மருந்துக் கலவை வெயில் ஏறுமுன் முடியவேண்டும். அதுதான் வழக்கம், விதியும் அதுதான். அன்று ஆர்டர் மிச்சம் இருந்ததால் வெயில் ஏறிய பிறகும் இன்னொரு கலவை போடச் சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பினார். கோட்டைச்சாமி மறுத்தார். மருந்து சூடாயிருச்சு, தொடமாட்டேன் என்றார்.

“‘போடுலே’ன்னு சொன்னது என் வாயி. சொல்லிட்டு நான் வெளிய வந்தேன். வாசப்படியில இருந்தேன்.”

தங்கச்சாமி எழுந்து ஏதோ சொல்லப்போனார். உட்காரச் சொன்னார்கள்.

வெளியே வந்தபோது ராக்காயி சவரிமுத்துவை மறித்து நின்றார். நான் அருகில் இருந்தேன்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.”

“ஆமா தாயி.”

“மண்ணு வாரித் தூத்துனாகளே, அத யாரு அள்ளுவா?”

ராக்காயி அதற்குமேல் கேட்கவில்லை. போகும்போது என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எழுதத் துணிவில்லை.

அக்டோபர் 6

செய்தி வந்திருக்கிறது. பீடியை டப்பாவில் போட்டதை வைத்திருக்கிறார்கள். ‘போடுலேன்னு சொன்னது என் வாயி’ என்பதை மதுரை ஆபீசில் வெட்டிவிட்டார்கள், இடமில்லையாம்.

அக்டோபர் 31

தீபாவளி. ஊரெல்லாம் வெடி. ஜன்னலை மூடினேன்.

1960 ஜனவரி 17

சப் கலெக்டரின் முடிவு போன வாரம் வந்தது. நேரங்கெட்ட கலவையே காரணம். கோட்டைச்சாமி மீது குற்றமில்லை. மேனேஜர் மீதும் மேஸ்திரி மீதும் வழக்கு. ராக்காயியின் தெருவில் பேச்சு மாறிவிட்டது என்று கேள்விப்பட்டேன். மண் தூற்றியவர்களில் ஒருத்தி தண்ணீர்க் குடத்தை இறக்கிக் கொடுத்தாளாம். ராக்காயி வாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆயிரம் காப்பி யோசனை என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை.

திருத்தங்கல் போனேன். சவரிமுத்துவுக்கு வேலை போய்விட்டது. மரியாயியோடு உட்கார்ந்து, மடங்காத விரல்களால் தீப்பெட்டி ஒட்டிப் பார்க்கிறார். “நாலு ஒட்டுனா மூணு கோணல்” என்றார் மரியாயி.

மனதில் இருந்ததைக் கேட்டேன். அன்று புத்தகத்தை மூடச் சொல்லி என்னை ஏன் வெளியே அனுப்பினார்?

“சொன்னா கோவிச்சுக்கிருவீக.”

“சொல்லுங்க.”

“அந்த வரிய நீங்க சொந்தமாச் சேத்து வாசிக்கீகன்னு நெனச்சேன். என் வாயப் புடுங்க வந்த ஆளுதான நீங்க. கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து வாசிக்கேன், அப்படி ஒரு வரி பாத்த ஞாபகமே இல்ல. நீங்க போனதும் இவளைப் பக்கத்தப் பிரிச்சு மூஞ்சிக்கு நேராப் பிடிக்கச் சொன்னேன்.”

“கை கடுத்துப் போச்சு எனக்கு” என்றார் மரியாயி. “வெளக்கு வைக்கிற வரைக்கும் அந்த ஒரே பக்கம்.”

“இருந்துச்சு” என்றார் சவரிமுத்து. “அச்சுல இருந்துச்சு.”

அவரைப் பேசவைத்தது புத்தகம் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. எழுதவும் மாட்டேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டார், சரிபார்த்தார், வரி இருந்தது. இவ்வளவுதான் தெரியும்.

கிளம்ப எழுந்தேன். புத்தகத்தை எடுத்து நீட்டினார். இப்போது உங்களுக்கே கை இருக்கிறதே என்றேன்.

“நான் வாசிச்சா எனக்குப் பிடிச்ச வரியா வாசிச்சிருவேன். நீங்க வாசிங்க.”

உட்கார்ந்தேன். பக்கத்தை அவரே திருப்பினார். நான் வாசிக்க வாசிக்க, அந்த மடங்காத விரல் வரிக்கு வரி கூடவே வந்தது.